நாற்பத்து நான்கில் யாரோ

பாவ்ஜூ தலைக்கவசத்தை ஈரத்துணியால் துடைத்தாள். புதியது, ஒருமுறைகூடத் தலையில் ஏறாதது. துடைக்க அதில் ஒன்றுமில்லை. துடைத்து முடித்து, வந்த பெட்டிக்குள்ளேயே வைத்து மூடி, வாசலருகே செருப்பு அலமாரியின் மேல் கொண்டுபோய் வைத்தாள்.

"சனிக்கிழமை வண்டி வர்றப்ப திருப்பிக் குடுத்துடறேன்," என்றாள்.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த மகள் நிங் திரையிலிருந்து நிமிரவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை. காரணத்தைக் கேட்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. அது அவள் கண்ணெதிரே, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், ஒரே ஒரு வரியாக நின்றுகொண்டிருந்தது. அந்த வரியைக் கண்டுபிடித்ததும் அவள்தான், அம்மாவிடம் போய்ச் சொன்னதும் அவள்தான்.

சீனாவை அடுத்த தீவிலுள்ள சியாயி நகரத்தில், அவர்கள் வீட்டுச் சந்துக்கு மாலையில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். பாட்டுக் கேட்டதும் எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். சனிக்கிழமைகளில் அதன் பின்னாலேயே பழைய தாள், குப்பி, தகரம் வாங்கும் வண்டி வரும். அந்த இரண்டாவது வண்டியில்தான் ஷியாவ் நிற்பார். ஐம்பது தாண்டியவர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவர் பாவ்ஜூவிடம் பேசிய முதல் வார்த்தை, "மூடி வேற, குப்பி வேற" என்பது. அடுத்த வாரத்திலிருந்து பாவ்ஜூ மூடியைத் தனியாகக் கொண்டுவந்தாள். கணவர் போன பிறகு பொழுது போகாமல் லேபிளையும் உரித்துக் கொண்டுவந்தாள். லேபிள் உரித்த சோயா சாஸ் குப்பியை இந்த வேலையில் தான் பார்த்ததே இல்லை என்று ஷியாவ் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த மிக நீளமான வாக்கியம் அதுதான்.

பிறகு ஒரு நாள் தலைக்கவசத்தை நீட்டினார். "ஞாயித்துக்கிழமை லீவு. என் வண்டில பின்னாடி உக்காரணும்னா இது வேணும். எப்பவும் உக்காரணும்னாலும் இது போதும்," என்றார். வண்டியின் பாட்டு அப்போது பார்த்து முடிந்து மறுபடி தொடங்காத இடைவெளி. சந்து முழுக்கக் கேட்டது.

"கேட்டுச் சொல்றேன்," என்றாள் பாவ்ஜூ.

யாரிடம் கேட்பாள் என்று சந்தில் எல்லோருக்கும் தெரியும். கணவர் சிங்ஃபா இறந்து ஓராண்டு நிறைவுச் சடங்கு அடுத்த மாதம் வந்தது. கூடத்து முன்னோர் மேடைக்கு முன் மண்டியிட்டு, சிவப்புச் சாயம் பூசிய இரண்டு பிறைக்கட்டைகளைத் தரையில் போட்டுக் கேட்டாள். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்து விழுந்தால் சரி என்று அர்த்தம். இரண்டும் மல்லாந்தால் மேலே இருப்பவர் சிரிக்கிறார். இரண்டும் கவிழ்ந்தால் வேண்டாம் என்கிறார். தொடர்ந்து மூன்று முறை 'சரி' விழுந்தது.

"ஒரு தடவையாவது யோசிச்சாரா பாரு மனுஷன்," என்றாள் பாவ்ஜூ. கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னாள்.

மழை விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு போவதென்று வைத்திருந்தாள். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மழைக்கால இடியில் வீட்டு இணையப்பெட்டி கருகிவிட்டது. புதியது வர நாளாகும் என்று கம்பெனியில் சொன்னார்கள். நிங் அலமாரியைத் துழாவி, அப்பா காலத்துப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டி மாட்டினாள். அதன் தலையில் பச்சைப் பை சோளப்பொரி ஒன்று ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தது. அந்த ஊர் நம்பிக்கைப்படி, எந்திரம் ஒழுங்காக இருக்க வேண்டுமென்றால் பச்சைப் பை இருக்க வேண்டும், அதைப் பிரிக்கக் கூடாது, தேதி தாண்டவும் கூடாது. இது தாண்டியிருந்தது. முனைக்கடையில் புதுப் பை வாங்கிக் கட்டியதும் பெட்டி விளக்குகள் வரிசையாக எரிந்தன. இருவரின் கைப்பேசிகளும் ஒன்றும் கேட்காமல் அதனோடு போய் ஒட்டிக்கொண்டன. அந்த இணைப்புக்கு அப்பா வைத்திருந்த பெயர் 'லின் வீட்டுக்கு இல்லை'. லின் பக்கத்து வீடு.

சிங்ஃபா வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவர். எண்களின் மேல் அவருக்குத் தனி மரியாதை. வீட்டில் எந்தக் கருவி வந்தாலும் பெட்டிக்குள் புகுந்து அதற்கு ஒரு நிரந்தர எண் கொடுப்பார். மனைவிக்கு எண்பத்தெட்டு, மகளுக்கு அறுபத்தாறு, தொலைக்காட்சிக்கு இருபது. நான்கு வரும் எண் ஒன்றையும் யாருக்கும் கொடுக்கவில்லை. அது சாவு எண், அந்த ஊர்ப் பேச்சில் நான்கும் சாவும் ஒரே ஒலி. அந்த ஊர் மருத்துவமனை லிஃப்டில்கூட நான்காம் மாடி கிடையாது.

பெட்டியை மாட்டி நாலைந்து நாள் கழித்துத்தான் எல்லாம் ஒழுங்காக இணைந்திருக்கிறதா என்று நிங் பார்த்தாள். அவளிடம் இருந்ததும் அப்பாவின் பழைய மடிக்கணினிதான். வேறெதையும் சுமக்க முடியாத கிழடு, அதனால் உள்ளதிலேயே எடை குறைந்த ஒரு லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டிருந்தாள். படங்கள், பொத்தான்கள் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதினால் அது ஒன்று முதல் இருநூற்றைம்பத்து நான்கு வரை ஒவ்வொரு எண்ணின் கதவையும் தட்டி, 'இருக்கிறாயா' என்று கேட்டுவிட்டு வரும். இருப்பவர்கள் 'இருக்கிறேன்' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பேசச் சொன்னால் வார்த்தை வராமல், கடைசியில் பள்ளிக்கூடத்துக்கே போகாமல் நின்றுபோனவள் நிங். இந்த மாதிரிப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை.

எண்பத்தெட்டு இருந்தது. அறுபத்தாறு இருந்தது. இருபது இருந்தது. நாற்பத்து நான்கும் இருந்தது.

"அம்மா, நாப்பத்து நாலுல ஏதோ ஒண்ணு இருக்கு," என்றாள்.

மூங்கில்குருத்து நறுக்கிக்கொண்டிருந்த பாவ்ஜூ கத்தியைக் கீழே வைத்தாள்.

"எப்பலேந்து?"

"இந்தப் பெட்டி போட்டதுலேந்து."

"அவரோட பெட்டி."

"ம்."

பாவ்ஜூ கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று நாளாக மனசுக்குள் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னாள். ராத்திரி பாத்ரூம் போக எழுந்தபோது முன்னோர் மேடையின் இரண்டு சிவப்பு விளக்குகளும் அணைந்திருந்தன. பயந்துபோய் இருட்டிலேயே கும்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். விடிகாலை அடுப்படிக்கு வரும்போது, அவள் கண்ணெதிரே, தொடாமலேயே, 'டக்' என்று எரிந்தன.

அந்த விளக்குகள் இரவும் பகலும் அணையக் கூடாதவை. அந்த வீட்டு விளக்குகளுக்குச் சந்தில் ஒரு பெயரே இருந்தது. சிங்ஃபா இருந்தவரை அவற்றின் பல்புகள் வருஷக்கணக்கில் ஃபியூஸ் போனதில்லை. மற்ற வீடுகளில் பத்து மாதம் தாங்குவது அபூர்வம். முன்னோர் ஆசி என்று பாவ்ஜூ எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். லின் வீட்டு அம்மாள் தன் மருமகளைக் கூட்டிவந்து காட்டிவிட்டுப் போனாள். சிங்ஃபா இறந்த பிறகு ஒரே வருஷத்தில் மூன்று பல்பு போயிற்று. ஆசியையும் அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று பாவ்ஜூ அழுதாள்.

இப்போது அவள் மேடைக்கு முன் மண்டியிட்டு, "நீங்கதானா?" என்று கேட்டுக் கட்டையைப் போட்டாள். சரி. மறுபடி சரி. மறுபடியும் சரி.

"அப்ப நான் ஷியாவோட போகலாமா கூடாதா?" என்று கேட்டாள்.

இரண்டும் மல்லாந்தன. மறுபடி போட்டாள். மறுபடியும் மல்லாந்தன.

"சிரிக்கிறாரு," என்றாள் பாவ்ஜூ. "வசந்தத்துல சரின்னவரு இப்ப வீட்டுக்குள்ள வந்து உக்காந்துகிட்டுச் சிரிக்கிறாரு. இதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?"

தலைக்கவசம் பெட்டிக்குப் போனது இப்படித்தான்.

ஒரு வருஷமாக அம்மா நிங்குக்கு எதிரே உட்கார்ந்து, தொலைக்காட்சியைக்கூடப் போடாமல், சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மாலை வண்டிப் பாட்டுக் கேட்கும்போது மட்டும் கண்ணாடி முன் நின்று முடியைச் சரிசெய்வாள். அது ஒன்றுதான் அந்த வீட்டில் நடந்த நல்ல காரியம். அந்த ஒரு வரியைப் பார்க்காமலிருந்தால், பார்த்ததைச் சொல்லாமலிருந்தால் அது கெட்டிருக்காது. சனிக்கிழமைக்குள் நாற்பத்து நான்கு யார் என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

"அந்தப் பெட்டிய ஒரு தடவை ரீசெட் பண்ணிட்டா எல்லாம் சுத்தமாயிடும்மா," என்று கேட்டுப் பார்த்தாள்.

"அது அவர் கையால செஞ்சது. அழிக்கக் கூடாது."

பெட்டிக்குள் நுழைந்து பார்க்கக் கடவுச்சொல் வேண்டும். அதையும் அப்பா தன்னோடு எடுத்துப்போயிருந்தார். நிங் அவர் பிறந்த நாளைப் போட்டாள், கல்யாண நாளைப் போட்டாள், வீட்டு மின்சார மீட்டரின் எண்ணைக்கூடப் போட்டாள். பெட்டி திறக்கவில்லை. ஆக, உள்ளே போகாமல் வெளியே நின்று தட்டித்தான் பார்க்க வேண்டும்.

மடிக்கணினியில் இன்னொரு சிறிய நிரலை இறக்கினாள். அது எண்ணோடு சேர்த்து, அந்தச் சாமானில் தொழிற்சாலையிலேயே பதித்த முகவரியைப் பார்த்து, செய்தவர் யார் என்றும் சொல்லும். நாற்பத்து நான்குக்கு நேரே ஷாங்காய்க்காரர்கள் செய்யும் ஏதோ சில்லின் பெயர் வந்தது. பல்பு, விசிறி, மீன்தொட்டி என்று எதற்குள்ளும் இருக்கக்கூடிய மலிவான சில்லு.

"சீனாவுல செஞ்சது," என்று அம்மாவிடம் சொன்னாள்.

"உங்கப்பா உயிரோட இருந்தவரைக்கும் அந்த ஊர்ச் சாமான் ஒண்ணு வாங்கினதில்ல."

"அதான் சொல்றேன். இது அப்பா இல்ல."

"செத்ததுக்கப்புறம் அவருக்குப் போய்ச் சேரட்டும்னு எரிச்சோமே காகிதக் கைப்பேசி, அது எங்க செஞ்சதோ யாரு கண்டா," என்றாள் பாவ்ஜூ. "கடையில மலிவா இருக்குன்னு நீதான் அதை எடுத்த."

அதை எடுத்தது நிங்தான்.

புதன்கிழமை லின் அம்மாளைப் பார்க்கப் போனாள். இணைப்பின் பெயரே அவர்களை நோக்கித்தான் இருந்தது என்பதால் சந்தேகமும் முதலில் அங்கேதான் போக வேண்டும். லின் அம்மாள் வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நிங் நின்றாள். என்ன சொல்வதென்று வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தாள். எல்லாம் போய்விட்டது.

"என்னடி பொண்ணு, வெளியில வந்திருக்க? வீட்டுல தீ கீ பிடிச்சிருச்சா?"

"இல்ல அத்தை. எங்க இணையத்துல..."

"நீங்க வச்சிருக்கிற பேரு என் பேரனுக்குக்கூடத் தெரியும். வர்றவன் போறவன் எல்லாம் படிச்சுட்டுச் சிரிக்கிறான்."

"அத்தை, உங்க வீட்டுலேந்து யாராவது..."

"உங்க சிக்னல் எங்க சமையக்கட்டு வரைக்கும்கூட வராது. உங்கப்பா இருந்தப்பவே பாத்தாச்சு," என்றாள் லின் அம்மாள், பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்களுக்குச் சொந்தமா இருக்கு. உன்னுதைவிட வேகம். வேணும்னா நீ எங்ககிட்டேந்து எடுத்துக்க. கடவுச்சொல் எட்டு எட்டு. அது சரி, உங்கம்மா ஹெல்மெட்டைத் திருப்பிக் குடுக்கப் போறாளாமே? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

அவளுக்கு எப்படித் தெரியும் என்று நிங் யோசிக்கவில்லை. அந்தச் சந்தில் தெரியாததுதான் ஆச்சரியம். ஒரு கை பட்டாணியை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் வேறு வழியைப் பிடித்தாள். நாற்பத்து நான்கை மட்டும் விடாமல் தட்டிக்கொண்டேயிருக்கச் சொல்லி மடிக்கணினியைக் கூடத்தில் வைத்தாள். ஒரு நொடிக்கு ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பதில், ஒரு புது வரி. இனி வீட்டிலுள்ள சாமான்களை ஒவ்வொன்றாக அணைக்க வேண்டியது. எதை அணைக்கும்போது வரி நிற்கிறதோ அதுதான் ஆள்.

தொலைக்காட்சியின் செருகியைப் பிடுங்கினாள். வரி நிற்கவில்லை. சோற்றுப்பானை, அச்சுப்பொறி, குளியலறை வெந்நீர்ப்பெட்டி. நிற்கவில்லை. பாவ்ஜூ திரைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இருக்காரு."

குளிர்சாதனம்.

"இருக்காரு."

இருவரின் கைப்பேசிகளையும் அணைத்தாள்.

"இருக்காரு. சீக்கிரம் முடி. ஃப்ரிட்ஜ்ல மீன் இருக்கு."

கடைசியில் நிங் மின்பலகைக்குப் போய்ச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். சமையலறை. மாடி. படுக்கையறைகள். கூடத்துச் சுவிட்சை மட்டும் இறக்கவில்லை. இணையப்பெட்டியும் முன்னோர் மேடையும் அதில்தான் இருந்தன. பெட்டி நின்றால் தட்டுவதற்கு வழியில்லை. மேடை விளக்கு அணையவே கூடாது. விசிறி நின்றது, ஃப்ரிட்ஜின் முனகல் நின்றது. வெளியே மழைக்கு முந்தைய இருட்டு. அமைதியான கூடத்தில் இரண்டு சிவப்பு விளக்குகளும் பச்சைப் பை கட்டிய பெட்டியின் சின்ன விளக்குகளும் மட்டும் எரிந்தன. திரையில் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டேயிருந்தன.

"வீட்டுல கரண்டே இல்ல," என்றாள் பாவ்ஜூ மெதுவாக. "அப்பவும் இருக்காரு."

எழுந்துபோய் ஊதுபத்தி ஏற்றினாள். நிரூபித்துக் காட்டியதற்காக மகளைப் பாராட்டவும் செய்தாள். "இவ்வளவு சந்தேகமில்லாம எனக்கே தெரியாது," என்றாள்.

அன்று மாலை நிங் சாப்பிடவில்லை. எதை அணைக்கவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பெட்டியை அணைக்கவில்லை. ஆனால் பெட்டியின் எண் ஒன்று, அது தனி. மடிக்கணினியை அணைக்கவில்லை. அதன் எண்ணும் தெரியும். அப்புறம்? அவள் கண் தானாகக் கூடத்துக்குப் போய், சிவப்பு விளக்குகளின் மேல் நின்றது. அந்த இரண்டையும் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். கரண்டில் எரிகிற சாமான் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மாடியில் நிலா இருப்பது போல அவை இருந்தன.

"அம்மா, மேடை விளக்கை ஒரு நிமிஷம் அணைச்சுப் பாக்கணும்."

பாவ்ஜூவின் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகள் நின்றன. "விளக்கை அணைக்கிறதா?"

"அது ராத்திரி தானா அணைஞ்சிருந்துச்சுன்னு நீதானே சொன்ன."

"அவரு அணைக்கிறது வேற, நாம அணைக்கிறது வேற."

"அப்ப அவர்கிட்டயே கேளு."

பாவ்ஜூவுக்கு அது நியாயமாகப் பட்டது. கேட்டுவிட்டுச் செய்தால் எதுவும் குற்றமில்லை.

வெள்ளிக்கிழமை காலை பாவ்ஜூ குளித்து வந்து, இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றிவைத்தாள். விளக்கு அணைகிற நேரத்தில் மேடை இருட்டாக இருக்கக் கூடாதே. ஆரஞ்சுப் பழம் வைத்தாள், மண்டியிட்டாள், விஷயத்தைச் சுற்றிவளைக்காமல் சொன்னாள்.

"மாமனார் மாமியார் எல்லாரும் மன்னிக்கணும். உங்க பேத்தி விளக்கை ஒரு நிமிஷம் அணைக்கணும்ங்கிறா. அவளுக்குப் படிப்பு நின்னுபோச்சு, வேற வேலையும் இல்ல. சரியா?"

கட்டைகள் விழுந்தன. இரண்டும் கவிழ்ந்தன. வேண்டாம்.

"பழத்தோட கொய்யாவும் வைக்கிறேன்."

வேண்டாம்.

"கடலை மிட்டாய், நல்ல கடையிலேந்து."

இரண்டும் மல்லாந்தன.

"சிரிக்கிறாங்க," என்றாள் பாவ்ஜூ. "உங்கப்பாதான். அவருக்குப் பேரம் பேசினா ரொம்பப் பிடிக்கும்." மறுபடி மேடையைப் பார்த்தாள். "சரி. பீர் ஒரு டின். ஜில்லுன்னு."

மல்லாந்தன.

நிங் தொண்டையைச் செருமினாள். "வெத்தலை பாக்கு," என்றாள்.

பாவ்ஜூ திரும்பிப் பார்த்தாள். பல் கெட்டு, வாய் சிவந்து, டாக்டர் எச்சரித்தும் விடாமல் மென்ற மனிதர் அவர். அவருடைய பாக்குப் பையைத் தேடித்தேடிக் குப்பையில் போட்டவள் அவள். சாகும்வரை நடந்த சண்டை அது.

"செத்தும் விடமாட்டாரு," என்று முணுமுணுத்தாள். பிறகு மேடையிடம், "ஒரு பை. ஒண்ணே ஒண்ணு," என்றாள்.

ஒன்று கவிழ்ந்தது, ஒன்று மல்லாந்தது. அடுத்த முறையும் அப்படியே. மூன்றாவது முறையும் அப்படியே.

முனைக்கடையில் பாக்குப் பை வாங்கி வந்து வைத்த பிறகுதான் நிங் மேடைக்குப் பின்னால் போகலாம் என்று அனுமதி கிடைத்தது. மேடை சுவரோடு ஒட்டிய கனமான மரப்பெட்டி. பின்னால் கை மட்டும்தான் போகும். தோள்வரை விட்டுத் துழாவினாள். ஒட்டடை. ஒரு பழைய காகிதப் பூ. அப்புறம் வயர். வயரைப் பிடித்துக்கொண்டே சுவர்வரை போனாள். அங்கே சுவரில் நேராகச் செருகியிருக்க வேண்டிய விளக்கின் செருகி, நடுவில் உருண்டையாக எதன்மேலோ செருகியிருந்தது.

"அம்மா, திரையைப் பாரு."

"இருக்காரு."

நிங் அந்த உருண்டையைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். சிவப்பு விளக்குகள் அணைந்தன.

திரையில் வரி ஏறுவது நின்றது. "போயிட்டாரு," என்றாள் பாவ்ஜூ.

நிங் மறுபடி செருகினாள். விளக்கு எரிந்தது. பத்துப் பதினைந்து நொடிகளில் திரை மறுபடி வரி வரியாக ஏறத் தொடங்கியது.

"வந்துட்டாரு."

நிங் அதைக் கழற்றி எடுத்துவந்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். எலுமிச்சம்பழ அளவில் வெள்ளையாக ஒரு செருகி, பக்கத்தில் சின்னப் பொத்தான். அடியில், அப்பாவின் நேரான மீட்டர்க்காரர் கையெழுத்தில், பேனாவால் '44' என்று எழுதியிருந்தது. செத்துப்போனவர்களின் விளக்குக்குச் செத்துப்போனவர்களின் எண். அவர் கணக்கில் அது மிகச் சரி.

"இது என்ன பண்ணும்?" என்றாள் பாவ்ஜூ.

"கரண்டை நிறுத்தும், விடும். நேரம் சொல்லி வச்சா அந்த நேரத்துக்குத் தானா செய்யும். இணையம் இருந்தாத்தான் அதுக்கு மணி தெரியும். அப்பா போனப்புறம் நாம கம்பெனிப் பெட்டிக்கு மாறினோம்ல, அது இதுக்குத் தெரியாத வீடு. அதனால சும்மா விளக்கை எரிய விட்டுகிட்டு இருந்திருக்கு. பழைய பெட்டியப் போட்டதும் அடையாளம் கண்டுபிடிச்சு மறுபடி வேலையை ஆரம்பிச்சிடுச்சு."

"நேரம் யாரு சொல்லி வச்சது?"

நிங் அடியிலிருந்த '44'-ஐத் தொட்டுக் காட்டினாள்.

பாவ்ஜூ செருகியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் ஏதோ மெதுவாகக் கூடிவந்தது. "நான் படுக்கப் போனதும் அணையும். நான் எழுந்து வர்றதுக்கு முன்னாடி எரியும். இப்பத்தான் தூக்கம் இல்லாம நான் அதுக்கும் முன்னாடி எழுந்துடறேன்," என்றாள்.

"ம்."

"பல்பு ஃபியூஸ் போகாம இருந்தது ஆசி இல்ல."

"ராத்திரி பூரா எரியாமத்தான் இருந்திருக்கும்மா. அதான் ரொம்ப நாள் தாங்கியிருக்கு."

"லின் அக்கா மருமகளைக் கூட்டிட்டு வந்து கும்பிட வச்சா."

நிங்குக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பெத்த அப்பன் ஆத்தா விளக்கு," என்றாள் பாவ்ஜூ. குரல் உயரவில்லை, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வந்தது. "ராத்திரி ராத்திரி அணைச்சிருக்காரு. கரண்டு மிச்சம் பிடிக்க. மாசா மாசம் நான் இவருக்காகவும் சேத்து மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டேன். இவரு பக்கத்துல நின்னு ஊதுபத்தி பிடிச்சுகிட்டு, தலையைக் குனிஞ்சுகிட்டு நின்னாரு. நான் பக்தின்னு நெனச்சேன்."

எழுந்து மேடைக்கு முன்னால் போய் நின்றாள். மண்டியிடவில்லை.

"இவர்கிட்டப் போய் நான் அனுமதி கேட்டேன்," என்றாள், மேடையிலிருந்த மற்றவர்களிடம்.

பாக்குப் பையை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். சற்று யோசித்தாள். திருப்பி எடுத்து மேடையிலேயே வைத்தாள். பேரம் பேரம்தான், வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் பீரை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அவளே குடித்தாள்.

விளக்கை நிங் சுவரில் நேராகச் செருகினாள். அந்த வெள்ளைச் செருகியை என்ன செய்வது என்று கேட்டாள். எறிய பாவ்ஜூ சம்மதிக்கவில்லை. மேடையில் வைக்கவும் சம்மதிக்கவில்லை. "அங்க வச்சா மறுபடி ஏதாவது பண்ணுவாரு," என்றாள். கடைசியில் அதைக் கூடத்துச் சுவரில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், சும்மா கிடந்த ஒரு துளையில் செருகினார்கள். அதன்மேல் ஒன்றையும் செருகவில்லை. அன்று படுக்கப் போகும்போது அது தன்னந்தனியாக 'டக்' என்றது.

"போனாரு," என்றாள் பாவ்ஜூ.

விடிகாலை அடுப்படிக்கு வரும்போது மறுபடி 'டக்' என்றது. சிவப்பு விளக்குகள் அவை பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தன.

"வந்தாச்சா? அங்கயே உக்காருங்க," என்று சொல்லிவிட்டு அவள் அரிசி கழுவப் போனாள்.

தலைக்கவசத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நிங்கும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்கப் பெட்டி செருப்பு அலமாரியின் மேலேயே இருந்தது. சனிக்கிழமை மத்தியானமும் இருந்தது. நிங் நான்கு முறை அந்தப் பக்கம் போய், ஒவ்வொரு முறையும் செருப்பை ஒழுங்குபடுத்தினாள். அம்மா நல்ல மனநிலையில் இல்லை என்பதும் தெரிந்தது, இருக்கிறாள் என்பதும் தெரிந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியவில்லை. தட்டிக் கேட்டால் இருக்கிறேன் என்று சொல்லும் சாமான் இல்லை அம்மா.

மாலையில் பாட்டுக் கேட்டது. முதலில் தூரத்தில், பிறகு சந்து முனையில். பாவ்ஜூ கண்ணாடி முன் போய் நின்றாள். ஆனால் முடியைச் சரிசெய்யவில்லை. குப்பைப் பையையும் குப்பிகளையும் எடுத்துக்கொண்டாள். மறு கையால் அலமாரியின் மேலிருந்த பெட்டியையும் எடுத்து இடுக்கிக்கொண்டு வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

நிங் எழுந்து சன்னலுக்குப் போனாள். பிறகு, வெகு நாளாகச் செய்யாத ஒன்றைச் செய்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு தானும் வாசலுக்கு வந்து நின்றாள்.

சந்தில் எல்லோரும் பையோடு நின்றார்கள். லின் அம்மாள் நிங்கைப் பார்த்து, "தீ கீ பிடிச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டு, கண்ணால் எதிர்ப்பக்கத்தைக் காட்டினாள். அங்கே பாவ்ஜூ நின்றாள். தலையில் தலைக்கவசம். வாரும் முடியும் கழுத்தில் தொங்கின. ஒரு கையில் குப்பிகள், லேபிள் உரித்தவை. மறு கையில் காலி அட்டைப்பெட்டி, மடித்துத் தட்டையாக்கியது.

குப்பை வண்டி கடந்துபோனது. பின்னால் இரண்டாவது வண்டி வந்து நின்றது. ஷியாவ் மேலேயிருந்து பார்த்தார். முதலில் குப்பிகளை வாங்கினார், மூடிகளைத் தனியாக வாங்கினார். பிறகு அட்டையை வாங்கி, அது எந்தப் பெட்டி என்று தெரிந்து, சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு தாள் பகுதியில் ஒழுங்காக அடுக்கினார்.

"நாளைக்கு ஞாயிறு," என்றாள் பாவ்ஜூ.

"லீவு," என்றார் ஷியாவ்.

"தெரியும்."

அவர் அவளுடைய கழுத்தருகே தொங்கிய வாரைப் பார்த்தார். கையை நீட்டினார். நீட்டிய கையில் ஊரின் அழுக்கெல்லாம் ஒட்டிய ரப்பர் கையுறை இருந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"கை அழுக்கு," என்றார். "நீங்களே மாட்டிக்குங்க. மாட்டினாத்தான் கணக்கு."

பாவ்ஜூ குனிந்து, தாடைக்குக் கீழே தேடிப் பிடித்து மாட்டினாள். 'டக்' என்றது.